சிவப்புக் காரின் தண்ணீர் எங்கே போகிறது?

கிண்ணியாப் பாலத்தின் நட்டநடுவில் கார் நின்றபோது என் மடியில் ஒரு பெட்டி, பெட்டிக்கு மேல் ஒரு பை, காலுக்கு அடியில் இன்னொரு பை. இரண்டே பேர் உட்காரும் கார் அது. கதவைத் திறந்து இறங்கக்கூட எனக்கு வழியில்லை. பின்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது.

"எறங்காத மச்சான், கொஞ்சம் இரி" என்றான் நிஸார். இறங்க முடிந்தால்தானே!

நிஸாரும் நானும் தோஹாவில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் குப்பை கொட்டியவர்கள். அவன் எஞ்சின் பார்ப்பான், நான் ரேடியேட்டர் பார்ப்பேன். வளைகுடா போதும் என்றாகி நான் கோயம்புத்தூரில் ரேடியேட்டர் கடை போட்டேன். அவன் இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள தன் ஊரான கிண்ணியாவில் கராஜ் திறந்தான். அந்தக் கராஜுக்கு முன்னால் ஊருக்கே தெரிகிற மாதிரி நிறுத்தி வைக்கத்தான் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். முப்பது வயதைத் தாண்டிய கிழம். எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ரேடியேட்டர் மூக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போக ஒன்று, வர ஒன்று என்று வண்டியின் அடிவயிற்றில் இரண்டு நீளக் குழாய்கள் ஓடும். இந்தக் கார்தான் எங்கேயோ தண்ணீரை விடுகிறது, எங்கே என்று தெரியவில்லை, வந்து பார் என்று என்னைக் கூப்பிட்டிருந்தான். அவன் கேட்ட ரேடியேட்டர் மூடியையும் ரப்பர்க் குழாய்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அப்படியே கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். போட்ட கணக்கெல்லாம் பாலத்திலேயே ஆவியாகிவிட்டது.

பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மீனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"நிஸார் நானாட கார் திருப்பியும் அவிஞ்சிட்டு." நானா என்றால் இங்கே அண்ணன்.

"கராஜ்காரன்ட காருக்கே வைத்தியமில்ல. இதுக்குள்ள எங்கட மோட்டச் சைக்கிளக் குடுக்கவா?"

நிஸார் காதில் விழாதது போல் சீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர்ப் போத்தல்களை எடுத்தான். காது மட்டும் சிவந்து கிடந்தது. தோஹாவில் சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்கிற ஆள். மற்றவர்கள் கைவிட்ட எஞ்சின் எல்லாம் கடைசியில் அவனிடம்தான் வரும். அவன் தன் ஊர்ப் பாலத்தில் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் முழு விவரத்தையும் சொன்னான். கராஜ் திறந்து மாதக்கணக்காகிறது, பஞ்சர் ஒட்டவும் செயின் இறுக்கவும் தவிர ஒரு வேலையும் வரவில்லை. நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருக்கும் தவராசா என்பவரிடம் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் வேன்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க ஒரு நல்ல ஆள் தேடுகிறார். வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்கு வந்து கராஜைப் பார்க்கப்போகிறார்.

"இந்தக் கார் ஒழுங்கா ஓடினாத்தான் வேன் வரும் மச்சான். இல்லாட்டி நான் திருப்பி தோஹாவுக்கே போக வேண்டியதுதான். இந்த வயசில ஆர் எடுப்பான்?"

அன்று மாலை அவன் வீட்டுக் கிணற்றில் குளித்தேன். சோப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன், நுரை வரவே இல்லை. எங்கள் ஊர் சிறுவாணித் தண்ணீருக்குச் சோப்பைக் காட்டினாலே போதும். புலம்பிக்கொண்டே வந்ததைப் பார்த்து நிஸாரின் மனைவி ரிசானா சிரித்தாள்.

"அது உவர்த் தண்ணி, அண்ணன். குளிக்க, கழுவத்தான். குடிக்கக் குழாய்த் தண்ணி இரிக்கி, அதுவும் பிடிச்சு வச்சாத்தான்."

இரவு புட்டும் பாரை மீன் ஆணமும் மாசிச் சம்பலும். ஆணம் என்றால் குழம்பு. எங்கள் ஊரில் மீனுக்கு இவ்வளவு தேங்காய்ப்பால் விட்டால் பாயசமா என்று கேட்பார்கள். நான் மூன்றாம் முறை தட்டை நீட்டினேன். ரிசானா பரிமாறியபடியே கணவனைப் பார்க்காமல் கேட்டாள்: "இண்டைக்கும் பாலத்திலயா?" அவன் தலையை ஆட்டினான். "விக்கச் சொன்னன். கேக்க மாட்டீங்க. அதென்ன காரா, கழுத்தில கட்டின கல்லா?" சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

மறுநாள் காலை எழுந்தவுடன் காரிடம் போனேன். தண்ணீர் வாய் வரைக்கும் நின்றது. சரி, நிஸார் நிரப்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அவனும் வந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நான் நிரப்பிவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அன்று முழுக்க அந்தக் காருக்கு நாங்கள் செய்யாத சோதனை இல்லை. புது மூடியைப் போட்டோம். காற்று அடித்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம், அழுத்தமானியின் முள்ளு அசையாமல் நின்றது. பழைய ரப்பர்க் குழாய்களை எல்லாம் கழற்றிப் புதியதை மாட்டினோம். அடியில் அட்டைகளை விரித்து வைத்தோம். ஒரு சொட்டு ஈரமில்லை. ஆஸ்பத்திரிச் சந்தி வரைக்கும் போய் வந்தோம், மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றினோம். கார் பசுவாக ஓடியது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஒழுகுகிற வண்டி கண்ணெதிரே ஒழுகிவிட்டால் பரவாயில்லை, இது நம்மைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாக நடிக்கிறது.

"ஒவ்வொரு காலையிலயும் நிறைஞ்சுதான் நிக்கி. கிட்ட ஓடினா ஒண்டுமில்ல, தூர ஓடினாக் கொதிக்கி" என்றான் நிஸார். "ஹெட் கேஸ்கெட் போயிட்டு மச்சான். நாளைக்கு எஞ்சினத் திறப்பம்."

"பொறுடா. எஞ்சினைத் திறந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள மூட முடியுமா? அந்த ஹோட்டல்காரர் வந்து பிரிச்சுப் போட்ட எலும்புக்கூட்டையா பார்ப்பார்? நாளைக்கு ஒரு தடவை தூரமா ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

மூன்றாம் நாள் மூதூருக்குப் போனோம். வழியெல்லாம் வயலும் நீர்ப்பரப்பும் எருமைகளும். எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு பச்சை. ஆனால் எதைப் பார்த்தேன்? வெப்பம் காட்டும் முள்ளைத்தான் பார்த்தேன். மூதூரில் ஒரு கடையில் சட்டியில் எருமைத் தயிர் கொடுத்தார்கள். கரண்டியைக் குத்தி வைத்தால் சாயாமல் நிற்கிறது. மேலே கூந்தற்பனைப் பாகான கித்துள் பாணியை ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டதும் பயணத்தின் முதல் சந்தோஷம் எனக்குள் இறங்கியது. அந்தச் சந்தோஷம் திரும்பி வருகிற வழியில் ஓர் ஆற்றுப்பாலம் வரைக்கும் தாங்கியது. முள்ளு விறுவிறுவென்று ஏறியது, வழக்கம் போல் ஆவி.

ஒரு லாரி எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார், உதவியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நிஸார் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னான்: "சோறு வெந்திட்டா, கறி தரவா எண்டு கேக்கிறார்." ஆனால் அந்த ஓட்டுநர்தான் இறங்கி வந்து தன் லாரியிலிருந்த பெரிய கேன் தண்ணீரைக் கொடுத்தார். நாங்கள் ஊற்ற ஊற்ற அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கேன் காலி.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஏன்டா, இவ்வளவு தண்ணி குறைஞ்சிருக்கே. நேத்து நீ காலையில எவ்வளவு ஊத்தினே?"

"நானா? நீதானே ஊத்தினாய்?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? நான் அளவு பார்க்க வந்தவன்!"

இரண்டு பேரும் நடுரோட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. யார் ஊற்றினோம் என்று வாய்த்தகராறு செய்தபடியே கிண்ணியாவுக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு ஞாபக மறதி என்று அவன் சொன்னான். அவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நான் சொன்னேன்.

மாலையில் ரிசானாவிடம் அரிசிமா கேட்டேன். குழாய்கள் இணைகிற பூட்டுகளில் உலர்ந்த மாவைத் தூவி வைத்தால், எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே மா நனைந்து காட்டிக் கொடுக்கும். முகப்பவுடரிலும் செய்யலாம், இந்த வீட்டில் மாவுக்குத்தான் பஞ்சமில்லை.

"எஞ்சினுக்குமா புட்டு அவிக்கப் போறீங்க?" என்று கேட்டாலும் ஒரு கோப்பை நிறையக் கொடுத்தாள். எல்லாப் பூட்டுகளிலும் தூவினேன். தண்ணீர் ஊற்றும் மூடியும் ஒரு பூட்டுத்தானே என்று அதன் தலையிலும் ஒரு பிடி தூவினேன்.

விடிந்ததும் நிஸார் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தான். நான் பல்கூட விளக்காமல் காரைத் திறந்தேன். பூட்டுகளில் மா அப்படியே வெள்ளையாக உலர்ந்து கிடந்தது. மூடியில் மட்டும் விரல்கள். நாலு விரலும் ஒரு கட்டை விரலும் தெளிவாகப் பதிந்து, சுற்றிலும் மா நனைந்திருந்தது. கீழே பார்த்தேன். காரிலிருந்து கிணற்றடி வரைக்கும் மண்ணில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

நான் நேரே குசினி வாசலுக்குப் போனேன். ரிசானா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை முழுக்க மா. சாட்சிக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டு நேராகவே கேட்டேன்.

"அம்மணி, காருக்குத் தண்ணி ஊத்தறது நீதானா?"

அவள் கை அப்படியே நின்றது. வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன், சத்தம் போடாதீங்க. அவர் வந்திருவார்."

"எத்தனை நாளா?"

"அவர் வெருகல் ரோட்டில நிண்ட நாளையிலயிரிந்து. மாசக்கணக்காச்சு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "காலையில போனவர். பின்னேரமாகியும் வரல்ல. போன் வேல செய்யல்ல. நான் என்னென்னத்தையோ நெனச்சுக்கிட்டு ரோட்டுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டு இரிந்தன். ஒரு ரப்பர்க் குழாய் வெடிச்சு, தண்ணியில்லாம வெயிலுக்குள்ள நிண்டிரிக்கார். அண்டைக்கு மட்டும் நான் செத்துப் பிழைச்சன் அண்ணன். அதுக்குப் பொறகு, அவர் பள்ளிக்குப் போன கையோட ஒரு கேத்தல் தண்ணி ஊத்திருவன். நிறைஞ்சிரிந்தா நிக்காதுதானே?"

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"காரத் திட்டுறதும் நான், தண்ணி ஊத்துறதும் நானா? சிரிப்பார். மெக்கானிக்குட காருக்குப் பொண்டாட்டி தண்ணி பாக்கிறா எண்டு ஊருக்குத் தெரிஞ்சா அவர்ட மானமும் போயிரும். நீங்களும் சொல்லாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். அதே நொடியில் ஒன்று உறைத்தது. "எந்தத் தண்ணி ஊத்தினே?"

"கிணத்துத் தண்ணிதான்." நான் என்ன பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறேன் என்பது போலப் பார்த்தாள். "குடிக்கிற தண்ணிய ஆரும் இரும்புக்கு ஊத்துவாங்களா?"

நான் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பிலேயே நுரைக்காத தண்ணீர்! மாதக்கணக்கில் ஒவ்வொரு விடியலிலும் ஒரு கேத்தல் உவர்நீர். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி அம்மணி, இனிமே ஊத்தாதே, நாங்க பார்த்துக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

நிஸார் வந்ததும் ஒன்றும் தெரியாதவன் போல, அடிவயிற்றுத் தகட்டைக் கழற்றுவோம் என்றேன். இத்தனை நாளும் அதை யாரும் கழற்றவில்லை. குளிர்ந்த வண்டியில் அழுத்தம் ஏற்றியபோது முள்ளு அசையாததால் அந்தக் குழாய்கள் மேல் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. காரை உயர்த்தி, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, துருப்பிடித்த ஆணிகளோடு மல்லுக்கட்டித் தகட்டை இறக்கினோம். உள்ளே ஒரு குழாயின் முதுகில் வெள்ளை வெளேரென்று பொருக்குப் படிந்திருந்தது. அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. குளிர்ந்திருக்கும்போது பொருக்கே அதை அடைத்துக்கொள்கிறது. நன்றாகச் சூடேறி அழுத்தம் கூடினால் திறந்துகொண்டு தண்ணீரைச் சீற்றுகிறது. ஓடுகிற காற்றில் அது காய்ந்தும் போகிறது. இதைத்தான் நாங்கள் அட்டை விரித்துத் தேடியிருக்கிறோம்!

அதற்குப் புதுக் குழாய் திருகோணமலையில் யோகன் என்பவரிடம்தான் செய்ய வேண்டும் என்றான் நிஸார். சல்லி என்ற ஊரைச் சேர்ந்த யோகன் துறைமுகப் பக்கம் ஒரு கொட்டகையில் படகு எஞ்சின்களுக்குத் துருப்பிடிக்காத எஃகில் குழாய் வளைத்துக் கொடுக்கிறார். கழற்றிய குழாய் ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு முனை, நிஸார் ஒரு முனை. பாலத்தைக் கடந்து, சீனக்குடாவைக் கடந்து, வருகிற போகிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே போனோம். நகருக்குள் ஒரு புள்ளிமான் ரோட்டின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. எங்கள் ஊரில் மாடு நிற்கும், இங்கே மான் நிற்கிறது. ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்தார். குழாயின் முனை பக்கத்து மீன் பெட்டிக்குள் போய்விட்டு வந்தது. மீன்காரர் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

யோகன் பெரிய வாய்க்காரர். "உங்கட காரென்ன, கப்பலுக்கே நான் வளைச்சுக் குடுத்தனான்" என்றார். அளவு பார்ப்பதற்காகப் பழைய குழாயை நறுக்கினார். உட்பக்கம் முழுக்கப் புற்று மாதிரி அரித்துக் கிடந்தது. நிஸார் அந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டினான். என்ன நினைத்தானோ, நான் தடுப்பதற்குள் நாக்கு நுனியில் வைத்துவிட்டான். காறித் துப்பினான்.

 யோகன் அளந்தார், வளைத்தார், பற்றவைத்தார், பேசினார். நான் கொட்டகைக்கும் ரோட்டுக்கும் நடந்தபடியே இருந்தேன். கடைசியில் எதிரே ஒரு தேநீர்க் கடையில் ஆளுக்கொரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு நிஸார் என் பக்கத்தில் வந்து நின்றான். துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் கிடந்தது.

"ஒவ்வொரு நாளும் ஊத்தியிரிக்கா மச்சான்."

"நான் ஒண்ணும் சொல்லலையேடா."

"நீ சொல்லத் தேவல்ல. என்ட கிணத்துட ருசி எனக்குத் தெரியாதா?" தேநீரைக் குடிக்காமலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தக் கார் வந்த நாள்லயிரிந்து அவக்கு என்னில வெறுப்பெண்டுதான் நான் நெனச்சுக்கிட்டு இரிந்தன். ஒரு நல்ல கதை எங்களுக்குள்ள இல்ல மச்சான்."

"அவகிட்டக் கேக்கப் போறியா?"

"என்னெண்டு கேக்க? என்னத்துக்கு என்னில இவ்வளவு இரக்கம் எண்டா?" அவன் குரல் உடைந்தது.  அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுக் குழாயை மாட்டி, மிச்ச உவர்நீரை எல்லாம் வடித்துக் கழுவி, நல்ல கூலன்ட்டை ஊற்றி, குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றி முடித்தோம். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து நிஸார் சட்டையைக்கூட மாற்றவில்லை, தவராசாவின் வேன் கராஜ் வாசலில் வந்து நின்றது.

மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி. ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவராம், பார்வையிலேயே அது தெரிந்தது. காரைச் சுற்றி வந்தார், எஞ்சின் ஓடும் சத்தத்தைக் குனிந்து கேட்டார், ஸ்பேனர்கள் தொங்கிய ஒழுங்கைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது மேசையில் நாங்கள் மறந்து வைத்திருந்த பழைய குழாய்த் துண்டை அவர் கையில் எடுத்தார். யோகன் நறுக்கிப் போட்டதை புத்திகெட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

"என்ன தம்பி இது, கடலுக்க கிடந்ததோ?"

"இல்லண்ணன், காருட பழைய குழாய். உவர்த் தண்ணி பட்டு அரிச்சிட்டு."

"உவர்த் தண்ணியோ? எஞ்சினுக்கோ?" அவர் முகம் மாறியது. "ஆர் ஊத்தினது?"

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவில் ரிசானா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். இப்போதுதான் அவளுக்கே விஷயம் புரிகிறது. அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.  அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் ஊத்தினன்" என்றான் நிஸார்.

தவராசா அவனை மேலும் கீழும் பார்த்தார். "தோஹாவில எஞ்சின் பாத்தனீங்கள் எண்டு சொன்னவங்கள்."

"ஓம் அண்ணன். தெரியாமச் செஞ்சிட்டன். என்ட பிழைதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உலகத்தில் எந்தக் கத்துக்குட்டி மெக்கானிக்கும் செய்யாத தப்பை, வால்வுச் சத்தத்தைக் காதால் எண்ணுகிற இந்த மனிதன், வேலை கொடுக்க வந்தவர் முன்னால் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறான். கத்திவிடலாம் போல் இருந்தது. நிஸார் என்னைப் பார்க்கவே இல்லை.

"சரி தம்பி, பிறகு சொல்லுறன்" என்றார் தவராசா. அந்தப் பிறகு ஒருநாளும் வராது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தேத்தண்ணி குடிக்காமலே வேனில் ஏறிப் போய்விட்டார்.

ரிசானா தட்டை அப்படியே தரையில் வைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது அபாயாவும் தலைமுக்காடும் போட்டிருந்தாள்.

"சாவி எங்க?"

"என்னத்துக்கு?"

"நிலாவெளிக்கு விடுங்க. அந்தாளுக்கு முன்னால நிண்டு நான் சொல்லணும்."

"ரிசானா, விடு. போனது போகட்டும். கார இன்னும் தூர ஓட்டிப் பாக்கவும் இல்ல."

"இப்ப ஓட்டிப் பாருங்க!" தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "என்ட பிழைக்கு நீங்க தலகுனிஞ்சு நிக்கிறதப் பாத்துக்கிட்டு நான் சோறாக்கணுமா? எடுங்க சாவிய!"

நிஸார் சாவியை எடுத்தான். அவள் அந்தத் தாழ்ந்த சீட்டில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் தடுமாறி, முதலில் தலையை நுழைத்து, பிறகு காலை இழுத்துக்கொண்டாள். எனக்கு அதில் இடமில்லை, யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. கார் உறுமிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டயர் மேல் உட்கார்ந்தேன், எழுந்தேன். இப்போது பாலத்தில் இருப்பார்கள். பாலத்தில் கொதித்தால் தூண்டில்காரர்கள் என்ன சொல்வார்கள்? இப்போது சீனக்குடா. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் நகருக்குள் நெரிசலாக இருக்கும், ஊர்ந்து போனால் சூடு ஏறும். யோகன் பற்றவைத்த இடம் தாங்குமா? அந்த ஆள் வேலையைவிட வாயைத்தானே அதிகம் வைத்தார். இப்போது உப்புவெளி. நான் காற்றை ஒழுங்காக வெளியேற்றினேனா? தரையிலிருந்த ஆறிப்போன தேத்தண்ணி எல்லாவற்றையும் நானே குடித்து முடித்தேன். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஓட்டுகிறவனைக் கூப்பிடவும் பயம்.

போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தேன்.

"மச்சான், நிலாவெளி."

"கொதிச்சுதாடா?"

"முள்ளு பாதிக்கு மேல ஏறவே இல்ல." அவன் மெதுவாகப் பேசினான். பின்னால் கடல் சத்தமும் அதற்கு மேல் ரிசானாவின் குரலும் கேட்டன.

"நான்தான் அண்ணன் ஊத்தினன். இவருக்குத் தெரியவே தெரியாது. எனக்காகப் பொய் சொல்லிட்டார். இவர்ட கையில பிழையில்ல. உங்கட வேனுக்குக் கிட்டயும் நான் வரமாட்டன், பயப்படாதீங்க."

"இதச் சொல்லவோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனீ?" என்று தவராசா கேட்டார்.

"ஓம்."

 பிறகு மறுபடி அவர் குரல்: "சரி, நாளைக்கு ஒரு வேனை அனுப்புறன். செய்து காட்டுங்கோ, மிச்சத்தைப் பாப்பம்."

"கேட்டியா மச்சான்?" என்றான் நிஸார்.

"கேட்டேன்டா, கேட்டேன்."  "சீக்கிரமா வாங்க, பசிக்குது."

"நீ கடையில ஏதும் தின்னு. நாங்க வரச் சுணங்கும்." பக்கத்தில் அவள் என்னவோ சொன்னாள். அவன் மூக்கை உறிஞ்சினான். "இப்பிடியே வெருகல் ரோட்டுக்கு விடச் சொல்றா. அண்டைக்கு நான் வெயிலுக்குள்ள நிண்ட இடத்த அவ பாக்கணுமாம்."

நிலாவெளி வடக்கே இருக்கிறது, வெருகல் தெற்கே மூதூரையும் தாண்டி மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. பத்திரமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு, கராஜைப் பூட்டிக்கொண்டு கொத்துரொட்டி கிடைக்குமா என்று பார்க்க நடந்தேன்.